மண்பாளப் பள்ளிக்கூடத்து ஆசிரியை சொல்வதை நம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்மணி முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பைப் படித்தீர்கள். பதினேழு வயதில் வேலைக்குப் போனது, மண்ணை வெட்டிக் கட்டிய பள்ளிக்கூடம், சாண வறட்டியை எரித்துக் குளிர்காய்ந்தது, வெட்டுக்கிளிகள் துணியைக் கூடத் தின்றது, பனிப்புயலில் பிள்ளைகளைக் கயிற்றில் கோத்து அழைத்துச் சென்றது என்றெல்லாம் அதில் வருகிறது. இதில் எவ்வளவு உண்மை? அந்தச் சிற்றூர்கள் உண்மையில் எப்படி இருந்தன?

இத்தகைய குறிப்புகளைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். எனவே முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டுக்கதை போலத் தோன்றும் வறட்டியும் வெட்டுக்கிளியும் உண்மை. எளிதாக நம்பிவிடத் தோன்றும் அந்தக் கயிறுதான் ஐயத்துக்குரியது. ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் அந்த ஆசிரியை எங்கே தூங்கினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் சொந்தமாகும். கட்டணம் மொத்தம் 18 டாலர்தான். அதனால் குடும்பங்கள் நெருங்கி வாழவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரை மைல், ஒரு மைல். நடுவில் ஓரிடத்தில் பள்ளிக்கூடம். ஆசிரியைக்குச் சம்பளம் மாதம் 20, 25, 30 டாலர் என்ற அளவில் இருந்தது. அதே வேலைக்கு ஆண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில் தனி வீடு எடுத்துத் தங்க முடியாது. எடுக்க வீடும் கிடையாது. ஆகவே பல இடங்களில், பிள்ளைகளின் வீடுகளில் முறைவைத்துத் தங்குவதே வழக்கம். ஒரு வீட்டில் இரண்டு வாரம், அடுத்த வீட்டில் இரண்டு வாரம்.

இது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எண்ணிப் பாருங்கள். வீடு என்பது ஒரே அறை. போர்வையைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் சுவர். பகலில் கணக்குத் தப்பாகப் போட்டதற்காகக் கண்டித்த சிறுமியோடு இரவில் ஒரே படுக்கையில் படுக்க வேண்டும். எந்த வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது, எந்த வீட்டில் கணவன் குடிக்கிறான், எந்த வீட்டில் பிறந்த குழந்தை தங்கவில்லை, எந்தத் தாய் ஆளரவமற்ற சமவெளியின் காற்றோசை தாங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பாதிரியார் வருகிறார் என்றால் வீடு பெருக்கி வைத்திருக்கும். மருத்துவர் நோய் வந்தால்தான் வருவார். எல்லா வீட்டையும் சாதாரண நாளில், அடுப்படியிலிருந்து பார்த்தவர் ஆசிரியை ஒருவரே. அடுப்பு, தண்ணீர், உணவு, படுக்கை பற்றி அவர் எழுதும்போது அவரைவிட நல்ல சாட்சி இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வறட்டிக்கு வருவோம். சமவெளியில் மரம் கிடையாது. ஆற்றோரத்தில் கொஞ்சம் பருத்திமரம் என்று அவர்கள் அழைத்த மரங்கள் இருந்தன. முதலில் வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள். நிலக்கரி ரயிலில் வர வேண்டும், பணமும் வேண்டும். தொடக்கத்தில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்தது. காட்டெருமைகள் கொன்று தீர்க்கப்பட்ட பின் மாட்டுச் சாணம். அதுவும் கிடைக்காத குளிர்காலத்தில் காய்ந்த புல்லைப் பிரியாக முறுக்கி, முடிச்சுப் போட்டு எரித்தார்கள். பிரி கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். ஒருவர் முறுக்கிக்கொண்டே இருந்தால் இன்னொருவர் அடுப்பில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1880-81 குளிர்காலத்தில் டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு ஜனவரியிலிருந்து மே வரை ரயில் வரவில்லை. அந்த ஊரார் பிரியை முறுக்கி எரித்து, விதைக்கோதுமையைக் காப்பி அரைக்கும் சிறு இயந்திரத்தில் அரைத்துத் தின்று உயிர்பிழைத்தார்கள்.

இனி ஒரு ஜனவரிக் காலை. ஆசிரியை விடியும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருகிறார். பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். நேற்றைய சாம்பலை வாளியில் அள்ளி வெளியே கொட்டுகிறார். மக்காச்சோளச் சக்கையைக் கீழே வைத்து, மேலே வறட்டியை அடுக்கித் தீ மூட்டுகிறார். வறட்டி எடுத்த கையைக் கழுவத் தண்ணீர் இல்லை. வாளியில் இருந்தது உறைந்துவிட்டது. மைக்கூட்டில் மையும் உறைந்திருக்கிறது. அதை அடுப்பருகே வைக்கிறார். பிள்ளைகள் வரும்போது கையில் பாகு டப்பா, பன்றிக்கொழுப்பு டப்பா. அதுதான் மதிய உணவுப் பாத்திரம். அவற்றையும் அடுப்பைச் சுற்றி வைத்தால்தான் நண்பகலுக்குள் ரொட்டி இளகும். அடுப்புக்கு அருகே இருப்பவனுக்கு முகம் வேகும். சுவரோரம் இருப்பவளுக்குக் கால் மரத்துப்போகும். மணிக்கு ஒருமுறை இடம் மாற்றி உட்காரவைக்கிறார். இதைச் சொல்லாத ஆசிரியை நினைவுக்குறிப்பை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க முடியாது. எல்லோரும் அதே குளிரில் நின்றவர்கள்.

பள்ளிக்கூடம் மண் என்றால் களிமண் குழைத்த சுவர் என்று நினைத்துவிட வேண்டாம். புல்வேர் இறுகிப் பின்னிய மேல்மண்ணைத் தனிக் கலப்பையால் ஓர் அடி அகலம், மூன்று நான்கு அங்குலக் கனத்தில் நாடா போலப் பெயர்த்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்குப் பாளம் பாளமாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவர் இரண்டு அடிக்குமேல் கனம். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு, தீப்பிடிக்காது. குறை எல்லாம் கூரையில். மழை நின்ற பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் கூரை சேறாகச் சொட்டும். பாம்பும் பூரானும் விழாமலிருக்க மஸ்லின் துணியை விதானம் போலக் கட்டினார்கள். நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 1886 முதல் ஊர் ஊராக வண்டியில் சென்று இந்த வீடுகளையும் மனிதர்களையும் படமெடுத்த சாலமன் புட்சரின் படங்கள் இன்றும் இருக்கின்றன. குறிப்பில் ஐயம் வந்தால் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னல் ஆழமாக இருக்கும், அதில் பூந்தொட்டி இருக்கும்.

வெட்டுக்கிளிப் படையெடுப்பு நிகழ்ந்தது 1874 கோடையில். ராக்கி மலை வெட்டுக்கிளி என்ற இனம் மேகம்போல வந்து இறங்கியது. மக்காச்சோளத்தைத் தண்டு வரை தின்றது; வெங்காயத்தை மண்ணுக்குள் குழி விழும்படித் தின்றது; குதிரைச் சேணத்தின் தோலையும், வியர்வை உப்பு படிந்த மண்வெட்டிப் பிடியையும், காயப்போட்ட துணியையும் கொறித்தது. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சியின் வழுவழுப்பில் ரயில் சக்கரம் நகர மறுத்தது. பல மாநிலங்களிலிருந்து வந்த சான்றுகள் ஒத்துப்போகின்றன. அத்தனை கோடியாக வந்த அந்த இனமே பின்னர் அழிந்துபோனது. உயிரோடு பிடிபட்ட கடைசிப் பூச்சி 1902இல் கிடைத்தது. ஆகவே இந்தப் பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

கயிற்றுக் கதைக்கு வேர் 1888 ஜனவரி 12. காலையில் இளவெயில், வாரக்கணக்கில் குளிரில் அடைபட்டிருந்த பிள்ளைகள் மேல்கோட்டு இல்லாமல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பிறகு வடமேற்கிலிருந்து சுவர்போல ஒரு புயல். பனி மாவுபோல் நுண்மையானது. மூக்கையும் கண்ணிமையையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. டகோட்டாவில் நண்பகலை ஒட்டியும் நெப்ராஸ்காவின் பல இடங்களில் பள்ளி விடும் வேளையிலும் தாக்கியதால், இறந்ததாகக் கணக்கிடப்படும் சுமார் 235 பேரில் பள்ளிப் பிள்ளைகள் பலர். அதனாலேயே அதைப் பள்ளிப்பிள்ளைகள் பனிப்புயல் என்கிறார்கள்.

அன்று நெப்ராஸ்காவின் ஆர்ட் ஊருக்கு அருகே மிரா பள்ளத்தாக்கில், மண்பாளப் பள்ளியின் கூரை பெயர்ந்தபோது மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் மாணவர்களைப் பத்திரமாக ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அதில் ஐயமே இல்லை. ஆனால் பிள்ளைகளை ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்து அழைத்துச் சென்றார் என்பதைப் பத்திரிகைகள் பரப்பின. அது உண்மையில்லை என்று அவரிடம் படித்த ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குள் அவரைப் பற்றிப் பாட்டு வந்துவிட்டது, பரிசுகள் வந்துவிட்டன, முகம் தெரியாதவர்கள் திருமணம் செய்துகொள்ளக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 1967இல் நெப்ராஸ்கா தலைமைச் செயலகக் கட்டடத்தில் அமைத்த மொசைக் சித்திரத்திலும் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் ஆசிரியை பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பல ஆண்டுகள் அந்தப் பாட்டையும் பத்திரிகைக் கதையையும் கேட்டுப் படித்து வளர்ந்த நினைவில், தன் நடையிலும் அந்தக் கயிறு வந்து சேர்ந்திருக்கலாம். ஊரே கேட்ட கதைகள் நினைவுக்குள் புகுந்துவிடும். வறட்டியைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை. அதனால் அந்த நினைவு கலப்பில்லாமல் இருக்கிறது.

பாட்டு வராத இரண்டு ஆசிரியைகளையும் நினைக்க வேண்டும். பிளெயின்வியூ ஊருக்கு அருகே லோயி ராய்ஸ், தன்னிடம் இருந்த மூன்று பிள்ளைகளோடு சில நூறு அடி தொலைவிலிருந்த வீட்டுக்குப் புறப்பட்டு வழிதவறினார். இரவு முழுவதும் வெட்டவெளியில் அவர்களை அணைத்தபடி கிடந்தார். விடிவதற்குள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அவர் உயிர்பிழைத்தார், பாதங்கள் போய்விட்டன. ஹோல்ட் கவுண்டியில் எட்டா ஷாட்டக் ஒரு வைக்கோற்போருக்குள் மூன்று நாள் கிடந்து மீட்கப்பட்டு, கால்கள் அகற்றப்பட்ட சில வாரங்களில் இறந்தார். வயது பத்தொன்பது. மின்னி ஃப்ரீமனைவிட இவர்கள் எதிலும் குறைந்தவர்கள் அல்லர். காற்று வேறு பக்கம் தள்ளியது, அவ்வளவுதான்.

ஊர் எப்படி இருந்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம், ஏனென்றால் அந்த ஊர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. ரயில் நிறுவனம் பாதை போட்டுக்கொண்டே ஏழு, எட்டு மைலுக்கு ஓர் ஊர் என்று குறித்துச் சென்றது. தானிய வண்டியோடு வரும் விவசாயி ஒரே நாளில் வந்து திரும்ப வேண்டும் என்பதே கணக்கு. நெப்ராஸ்காவில் பர்லிங்டன் பாதையில் ஊர்ப்பெயர்களே ஆங்கில அகரவரிசையில் வைக்கப்பட்டன: க்ரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனசா. நிலையம், தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு, மரக்கடை, கொல்லன் பட்டறை, குதிரை லாயம், ஓர் அச்சகம், முன்பக்கம் மட்டும் இரண்டு மாடிபோல் உயர்த்திக் கட்டிய கடைகள். ரயில் ஒதுங்கிச் சென்ற ஊர், வீடுகளை உருளையில் ஏற்றிப் பாதையருகே இழுத்துச் சென்றதும் உண்டு.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. 1785ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, ஆறு மைல் சதுரத்தை முப்பத்தாறு பங்காக்கி அதில் 16ஆம் பங்கைப் பள்ளிக்கென ஒதுக்கியிருந்தார்கள். நெப்ராஸ்கா, கான்சஸ் பகுதிகளில் 36ஆம் பங்கும் சேர்ந்தது. அந்த நிலத்தின் வருவாய் பள்ளி நிதிக்குப் போகும். ஊரே இல்லாதபோதும் வரைபடத்தில் பள்ளிக்குச் சொத்து இருந்தது. இருந்தும் ஆசிரியையின் சம்பளம் பல இடங்களில் பணமாக வரவில்லை. வட்டாரப் பள்ளி வாரியம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். கஜானாவில் பணம் இல்லையென்றால் கடைக்காரர் அந்தச் சீட்டை முகமதிப்பைவிடக் குறைத்தே வாங்குவார். இதைச் சொல்லும் குறிப்பைப் பார்த்தால் நம்புங்கள். அறுபது ஆண்டுக்குப் பின்னும் அந்தக் குறைந்த டாலர் அவர்களுக்கு நினைவிருந்தது.

பள்ளிதான் தேவாலயம், வாக்குச்சாவடி, அரங்கம். வெள்ளிக்கிழமை இரவில் எழுத்துக்கூட்டும் போட்டி, விவாதம். பெண்கள் அலங்கரித்துக் கொண்டுவரும் உணவுப் பெட்டியை ஆண்கள் ஏலம் எடுத்து, அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து உண்பார்கள். பணம் கரும்பலகைக்கோ விளக்குக்கோ போகும். பீட்ரிஸ் ஊருக்கு அருகே 1872இல் செங்கல்லில் கட்டிய ஃப்ரீமன் பள்ளி, 1967 வரை ஒற்றை அறைப் பள்ளியாகவே நடந்தது. அங்கே 1899இல் ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்ததை எதிர்த்து, அருகில் குடியிருந்த டேனியல் ஃப்ரீமன் வழக்கு தொடுத்தார். மேற்சொன்ன நிலச் சட்டத்தின்கீழ் முதலில் பதிந்தவர்களில் ஒருவர் இவர். 1902இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனவே அந்த ஊர்கள் ஒரே மனமாக வாழ்ந்தன என்று யாராவது எழுதினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

காலத்தைக் கணிக்க ஒரு வழி சொல்கிறேன். தண்ணீர் வாளியும் அதில் தொங்கும் ஒற்றைக் குவளையும் எல்லாக் குறிப்பிலும் வரும். எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் வாய்வைத்துக் குடித்தார்கள். காசநோய் பரவுவதைக் கண்டு கான்சஸ் சுகாதார வாரியத்தின் டாக்டர் சாமுவேல் கிரம்பைன் பாடுபட்டதால், 1909இல் அந்த மாநிலம் பொதுக்குவளையைத் தடைசெய்தது. கான்சஸ் குறிப்பில் பொதுக்குவளை இயல்பாக வந்தால் அது அதற்கு முந்தைய பள்ளி என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி, அவர்கள் எழுதாமல் விட்டது. உங்கள் குறிப்பில் "ஆளில்லா நிலம்" என்று வருகிறதா? ஏறத்தாழ எல்லாவற்றிலும் வரும். அது மட்டும் உண்மையில்லை. நெப்ராஸ்காவின் நடுப்பகுதி பானி என்ற பழங்குடி மக்களின் நிலம். 1870களில்தான் அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. பல ஆசிரியைகள் கரும்பலகை தொங்கவிட்ட ஆண்டுக்கும் அந்தப் புறப்பாட்டுக்கும் இடையே பத்து ஆண்டு கூட இல்லை. பானி மக்கள் விட்டுச் சென்ற ஜெனோவாவிலேயே 1884இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி திறக்கப்பட்டு 1934 வரை நடந்தது. தாய்மொழி பேசத் தடை, ராணுவ அணிவகுப்பு. அங்கே இறந்த பிள்ளைகளைப் புதைத்த இடத்தைத் தேடி 2023இல் தோண்டினார்கள்; கிடைக்கவில்லை. அதே மாநிலம், அதே ஆண்டுகள், அதே சிலேட்டும் பலப்பமும். எட்டு வீட்டில் தூங்கிய ஆசிரியைக்கு எட்டு வீடும் தெரியும். ஒன்பதாவது வீடு ஏன் இல்லை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை, ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுத என்னால் முடியாது.

ஒரு குறிப்பை மட்டும் படித்து நிறுத்திவிடாமல் கான்சஸின் நிகோடமஸ் ஊரையும் படியுங்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877இல் நிறுவிய ஊர். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: அதுதான் நிகோடமஸ் என்று ஆண்கள் சுட்டிக்காட்டினார்கள், அவர் கண்ணுக்கு ஊர் எதுவும் தெரியவில்லை. தரையிலிருந்து அங்கங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் நிலத்தைக் குடைந்த குழிவீடுகளில் இருந்தார்கள். அவர் அழத் தொடங்கினார். அப்படி ஒரு குழிவீட்டில்தான் ஜென்னி ஃப்ளெச்சர் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்னார். 1888இல் ரயில் அந்த ஊரைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கடைகள் பாதையருகே இடம்பெயர்ந்தன. ஊர் சிறுத்தது, ஆனால் கலையவில்லை. 1918இல் கட்டிய பள்ளிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் விடுதலைத் திருநாளுக்கு, அந்தக் குழிவீட்டுக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வந்து கூடுகிறார்கள்.